நீலம் ஆளுக்கு, சிவப்பு வினைக்கு

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில், தண்ணீர் கேட்காமல் பேனை கேட்டவர் எங்கள் கிளாக்கர் ஒருவராகத்தான் இருக்கும். அவரைக் கூட்டிவரப் போன என் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. வெள்ளவத்தை வீடு எரிந்துபோய், யாரோ கொடுத்த சாரமும் தோள் இறங்கிய சேட்டுமாக, காலில் செருப்பும் இல்லாமல் வந்த மனிதர், தொண்டர்கள் மட்டையில் எழுதிக் கட்டியிருந்த ஆங்கில அறிவித்தலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "உதிலை பிழை கிடக்குது. ஒரு பேனை தாங்கோ" என்றாராம். அகதிகள் என்ற பன்மைக்குப் பக்கத்தில் 'இஸ்' என்று எழுதியிருந்தது. அதை வெட்டி 'ஆர்' என்று போட்ட பிறகுதான் சாப்பாட்டுப் பார்சலுக்குக் கை நீட்டினாராம். பின்னால் நின்ற சனம் பசியில் அவரைத் திட்டித் தீர்த்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைப் பாவிக்கவில்லை. நானும் இங்கே பாவிக்கப் போவதில்லை. கொழும்பில் ஏதோ ஒரு திணைக்களத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அதனால் எங்கள் பண்டத்தரிப்பு முழுவதற்கும் கிளாக்கர். அவர் மனைவி கிளாக்கர் மனுசி. மனைவியின் சீதன வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருந்தது. அங்கேதான் வந்து குடியேறினார்கள்.

வந்து ஒரு கிழமைக்குள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பென்சில் வாங்கி வந்தார். ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. கந்தோர்களில் பாவிக்கிற தடித்த பென்சில். அது எப்போதும் சேட்டுப் பையில் இருக்கும். கண்ணில் படுகிற ஆங்கில வசனத்தில் யார் செய்தார் என்ற சொல்லின் கீழே நீலக்கோடு, என்ன செய்தார் என்ற சொல்லின் கீழே சிவப்புக்கோடு. இரண்டும் பொருந்தாவிட்டால் சிவப்பில் ஒரு வட்டம். மாத்திரைப் பெட்டி, பிஸ்கற் பேணி, பழைய பேப்பர், ஒன்றையும் விடமாட்டார்.

"செய்தவன் ஆரெண்டு முதல் பார். பேந்து என்ன செய்தவன் எண்டு பார். ஆள் ஒண்டெண்டால் வினையும் ஒண்டு. இங்கிலீசிலை இவ்வளவுதான் சூட்சுமம்" என்பார். யாராவது சிரித்தால் கோபம் வரும். "தமிழிலை ஒருத்தன் 'அவன் வந்தார்கள்' எண்டு கதைச்சால் விசரன் எண்டு சொல்லமாட்டியளோ? அப்ப இங்கிலீசிலை மட்டும் ஏன் விசர்க் கதை?"

கலியாண அழைப்புக் காட்டுகளில் ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் ஆங்கிலமும் அச்சடிப்பது எங்கள் பக்கத்துப் பெருமை. ஆங்கிலப் பக்கத்தை யார் வாசித்தார்கள் என்று கேட்கக்கூடாது. கிளாக்கர் வாசித்தார். வாசித்ததோடு நிற்காமல், திருத்திய காட்டைக் கலியாண வீட்டுக்கே கொண்டுபோய், பெண்ணின் தகப்பன் கையில் வாழ்த்தோடு சேர்த்துக் கொடுப்பார். "தகப்பன் ஒராள், தாய் ஒராள், சேர்ந்தால் ரெண்டுபேர். 'றிக்குவெஸ்ற்ஸ்' எண்டு வராது. அடுத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்குக் கவனியுங்கோ." பந்தியில் அவர் பக்கத்தில் இருக்க ஆட்கள் பின்வாங்கினார்கள்.

ஒரே மகன் லண்டனில் இருந்தான். தகப்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவான். நீலமும் சிவப்பும் போட்டு அந்தக் கடிதம் லண்டனுக்கே திரும்பிப் போகும். இரண்டு வருடத்தில் மகனின் கடிதங்கள் அரைப் பக்கமாகி, பிறகு வாழ்த்து மட்டைகளாகி, கடைசியில் படங்கள் மட்டும் வந்தன. பின்பக்கத்தில் ஒரு எழுத்து இருக்காது. கிளாக்கர் மனுசி அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. "வீடு எரியேக்கையும் உவர் நெருப்பிலை பிழை பிடிச்சுக்கொண்டுதான் நிண்டவர்" என்று ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னா. அவ சிரிக்கவில்லை.

நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடையின் சுவரில் ஒருநாள் இயக்கப் பெடியள் ஆங்கிலத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் ஒட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரருக்கு நியாயம் சொல்லுகிற பிரசுரம். கிளாக்கர் பட்டப்பகலில் நின்று அதில் ஏழு வட்டம் போட்டார். கடைக்குள் நின்ற நாங்கள் கதவை அரைவாசி சாத்தினோம். பின்னேரம் இரண்டு பெடியள் அவர் வீட்டுக்குப் போனார்கள். மனுசி வாசலிலேயே குளறத் தொடங்கிவிட்டா. "பிழையாய் எழுதிப்போட்டு நியாயம் கேக்கேலாது, தம்பிமார்" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த பிரசுரம் ஒட்டப்படுமுன் அவரிடம் வந்து போனது. ஊரில் அவருக்கு மரியாதை வந்தது அன்றிலிருந்துதான்.

மரியாதை என்றால் சும்மா இல்லை. அது ஆமி சுற்றிவளைத்துப் பெடியன்களை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கிய காலம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் முகாம் பெரியவனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். தமிழ் அங்கே வாசிக்கப்படாது. பிரசைகள் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், வீடு வீடாகக் கடிதங்களை வாங்கிக்கொண்டு தன் மொறிஸ் மைனர் காரில் வெள்ளைத்துணி கட்டி முகாமுக்குப் போவார். அந்தக் கடிதங்களெல்லாம் கிளாக்கரின் கையெழுத்தில் இருந்தன. யாராவது சொந்தமாக எழுதினாலும் அவரிடம் ஒருமுறை காட்டாமல் கொடுப்பதில்லை. கிளாக்கர் பார்க்காத கடிதம் கடிதமே இல்லை என்று ஆகிவிட்டது. ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காமல் எழுதிக் கொடுத்தார். எழுதிய கடிதங்களால் சில பிள்ளைகள் வீடு திரும்பியும் இருந்தார்கள். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்லுகிறேன்.

எண்பத்துநாலு மாரியில் என் தம்பியைப் பிடித்தார்கள். பத்தொன்பது வயது. ரியூசனுக்குப் போனவனைச் சந்தியில் மறித்து, சைக்கிளை வேலியில் சாத்தச் சொல்லி, ஆமி றக்கில் ஏற்றினார்கள். இன்னும் பலரையும் ஏற்றினார்கள். சைக்கிளை மத்தியானம் அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். அதன் காரியரில் அவனுடைய கொப்பி அப்படியே செருகியபடி இருந்தது.

கடிதத்தை நானே எழுதினேன். ஓ/எல் பரீட்சையில் ஆங்கிலத்தில் எனக்குத் திறமைச்சித்தி. எங்கள் வகுப்பில் மூன்று பேருக்குத்தான் அது கிடைத்தது. என் தம்பி ஒவ்வொரு நாளும் ரியூசனுக்குப் போகிறவன், வேறொன்றும் தெரியாதவன், அம்மா வருத்தக்காரி, அவனை விடுங்கள். இதுதான் கடிதம். ஒரு பக்கம்கூட வரவில்லை.

அடுத்த நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, மொறிஸ் மைனர் எங்கள் படலையில் வந்து நின்றது. செயலாளர் இறங்காமலே கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார்.

"பிள்ளை, கடிதம் எழுதினனீயோ? கெதியாத் தா. பத்து மணிக்குள்ளை முகாமுக்கு வரச் சொன்னவங்கள்."

கடிதம் என் கையில் இருந்தது. மடித்து, உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். அந்த நீட்டிய கையில் அதை வைத்திருந்தால் சரி. நான் என்ன சொன்னேன் என்றால், "கிளாக்கர் ஐயாட்டை ஒருக்காக் காட்டிப்போட்டு ஓடிவாறன்" என்றேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு கிடக்குது. அதை முடிச்சுப்போட்டுச் சந்தியிலை நிப்பன். அதுக்குமேலை நிக்கேலாது, பிள்ளை" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பிழை இருந்து தம்பிக்குக் கேடு வந்துவிடும் என்ற பயத்தால் என்று அன்று சொல்லியிருப்பேன். அது பாதிதான் உண்மை. செயலாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். என் கடிதத்தைப் பிரித்து வாசித்து மனதுக்குள் சிரிப்பாரோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. தம்பி முகாமில் கிடக்கிறான், அக்காவுக்குத் திறமைச்சித்தி கெட்டுவிடக்கூடாது. இதுதான் மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கிளாக்கர் விறாந்தையில் மேசையோடு இருந்தார். கடிதத்தை விரித்தவுடன் பென்சில் இறங்கியது. நீலம், சிவப்பு, வட்டம்.

"பிரதர் ஒராள். 'கோ' எண்டு எழுதியிருக்கிறாய். 'கோஸ்' எல்லோ?"

"ஓம் ஐயா. அதிலையே திருத்தித் தாங்கோ. கார் நிக்குது."

"வெட்டிக் கொத்தின கடிதம் குடுக்கேலாது, பிள்ளை. பொறு, நான் வடிவா எழுதித் தாறன். ஆமிக்காரனுக்கு முன்னாலை உன்ரை தம்பி ஒரு 'எஸ்' இல்லாமல் நிக்கக்கூடாது."

புல்ஸ்காப் தாள் எடுத்தார். ஓரத்தில் கோடு போட்டார். முகவரி எழுதினார். மூன்றாம் வரியில் ஓட்டு ஒழுக்கிலிருந்து ஒரு துளி விழுந்து மை பரவியது. தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தார். மேசையை அரை அடி தள்ளி வைத்தார். திரும்பவும் ஓரத்தில் கோடு.

"ஐயா, காணும் ஐயா. விளங்கினால் காணும்" என்று நான் அழத் தொடங்கினேன்.

எழுதிக்கொண்டே பதில் சொன்னார். "விளங்கினால் காணாது, பிள்ளை. எங்கடை கந்தோருக்கு ஒரு மனுசி, புருசன் செத்த மனுசி, பென்சன் கேட்டுக் கடிதம் எழுதினவ. வரிக்கு வரி பிழை. பெரிய துரை அதை மேசை மேசையாய் வாசிக்கக் குடுத்தான். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். அந்தக் கடிதம் பேந்து எங்கை போச்செண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சிரிச்சவன் இரங்கமாட்டான். எங்களைப் பார்த்துச் சிரிக்க விடக்கூடாது."

சந்திப் பக்கம் கார் கோர்ண் இரண்டுதரம் அடித்துக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் தரம், நீட்டி. பிறகு கேட்கவில்லை. கடிதம் முடிந்தபோது அதில் ஒரு பிழை இல்லை, ஒரு கறை இல்லை. என் கடிதத்தை அவர் மேசையிலேயே விட்டு, அதை வாங்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். சந்தியில் சில்லுத் தடம் மட்டும் கிடந்தது.

பின்னால் குடையோடு வந்த கிளாக்கர் தடத்தையும் என்னையும் பார்த்தார். "இஞ்சை தா" என்று கடிதத்தை வாங்கிச் சேட்டுக்குள் செருகி, யாருடையதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே முகாமுக்குப் போனார். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. முகாம் வாசலில் அவரை மழைக்குள் முழங்காலில் இருத்திவைத்து, பின்னேரம் துரத்திவிட்டார்கள். கடிதத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது மை முழுவதும் ஊறி நீலமாகக் கிடந்தது.

அன்று கடிதம் கொடுத்த வீடுகளில் நாலு பேரின் பிள்ளைகள் அன்று பின்னேரமே வந்துவிட்டார்கள். மிஞ்சியவர்களை அடுத்த நாள் விடியக் காங்கேசன்துறைக்கு ஏற்றிப் போய், அங்கிருந்து கப்பலில் தெற்கே கொண்டுபோனார்கள். செயலாளர் மறுபடி போய்த் தம்பியைப் பற்றி விசாரித்தபோது அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லை என்றார்கள். அதன்பிறகு அப்பா தெற்கில் ஏறாத முகாம் இல்லை. எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. இன்றைக்கும் இல்லை.

செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அதை ஏன் சொன்னாரோ தெரியவில்லை. "கடிதத்தை முகாம் பெரியவன் எங்கை வாசிச்சவன்? உறையைப் பிரிச்சுப் பேரை மட்டும் பார்த்தவன். பேரை ஒரு தாளிலை எழுதினவன். அவ்வளவுதான்."

அம்மா எழும்பினா. நேரே கிளாக்கர் வீட்டுப் படலைக்குப் போனா. பின்னால் நான். அதுவரை அவரை நீங்கள் என்று கதைத்தவ, ஊர் கேட்க நீ என்று கத்தினா. "என்ரை பிள்ளையைத் திண்டிட்டாய்! எழுதி எழுதித் திண்டிட்டாய்! உன்ரை பிள்ளை லண்டனிலை இருக்கிறான், என்ரை பிள்ளை எங்கையடா?" மண்ணை அள்ளி எறிந்தா. கிளாக்கர் வெளியே வந்து படலையில் நின்றார். மண் அவர் சேட்டில் விழுந்தது. தட்டவில்லை.

அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். எங்கள் படலையில் நீட்டிய கையைப் பற்றிச் செயலாளர் அவருக்குச் சொல்லியிருக்கிறார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் வாய் திறப்பேன் என்று பொறுத்திருந்தார் போல. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா. பிழை என்ரைதான்" என்றார்.

அவ்வளவுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கடிதம் எழுதுவிக்க அவரிடம் போவது நின்றது. சனங்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். பிழையோடு போன கடிதங்களுக்கும் பிள்ளைகள் வந்தார்கள், வராமலும் விட்டார்கள். யாராவது கேட்டால் நானும் சொன்னேன், "கிளாக்கராலைதான் பிந்தினது" என்று. முதல் சொன்னபோது கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. அம்மா சாகும்வரை அதைச் சொல்லியே செத்தா.

கிளாக்கரின் சேட்டுப் பையில் அதற்குப்பிறகு பென்சிலை நான் காணவில்லை. இந்தியன் ஆமி வந்து போன பிறகு ஒருநாள், சங்கக்கடைச் சுவரில் ஒரு ஆங்கில அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். எனக்கே இரண்டு பிழை தெரிந்தது. அவர் பாண் வாங்க வந்தவர், அதற்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்தார். கை பைக்குப் போகவில்லை. பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அன்றைக்கு நிறுத்தத் தெரியாத மனுசன் இன்றைக்கு நிறுத்தி என்ன?

தொண்ணூற்றைந்தில், ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி மழைக்குள் நடந்தது. நாங்கள் கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கினோம். சங்கக்கடையில் வேலை செய்தவள் என்பதால் நிவாரணப் பதிவுக்கு என்னை ஒரு வாங்கில் இருத்தினார்கள். முன்னால் மேசை, படிவக்கட்டு. வரிசை பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி நின்றது. குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எந்த ஊர். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பண்டத்தரிப்பு. ஒராள்" என்று ஒரு குரல்.

நிமிர்ந்தேன். கிளாக்கர். மனுசி செத்து இரண்டு வருடம். பதினொரு வருடமாக நான் அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. முகம் ஒடுங்கி, சாரம் முழங்கால்வரை நனைந்து, காலில் செருப்பில்லாமல் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை மட்டும். அவரிடமே பெயர் கேட்டு எழுதினேன், தெரியாதவளைப் போல.

அவர் பையை அவிழ்த்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நாலாக மடித்து, மடிப்பில் பிய்ந்திருந்தது. என் கையெழுத்து. நான் எழுதிக் கொண்டுபோன கடிதம். ஊர் விட்டு ஊர் நடந்துவந்தவர், வேறொன்றையும் எடுக்காமல் அதை எடுத்து வந்திருக்கிறார். நீலக்கோடுகள் இருந்தன. சிவப்பு இல்லை. சிவப்புக் கோடும் வட்டமும் இருந்த இடங்களெல்லாம் றப்பரால் அழித்து அழித்துத் தாள் பஞ்சு கிளம்பி, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. என் பிழைகள் எல்லாம் நான் எழுதினபடியே இருந்தன.

"அழிச்சுப்போட்டன், பிள்ளை" என்றார். "உதை உப்பிடியே குடுத்திருக்கலாம். வடிவா விளங்குது."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்ச் சனம். அம்மா மண் எறிந்ததைப் பார்த்தவர்கள். எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் சொல்லவேண்டிய சொல் அப்போதும் என் வாயில்தான் இருந்தது. 'செயலாளர் கை நீட்டினவர், நான்தான் குடுக்கேல்லை, ஐயா.' இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்குப் படலையில் நின்ற மாதிரியே.

கடிதத்தை எடுத்துப் படிவக்கட்டுக்கு அடியில் வைத்தேன். அவருடைய படிவத்தின் துண்டைக் கிழித்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த ஆள் வாங்கோ" என்றேன்.